கால் நனைத்தல்: ஓர் அறிமுகம்

ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குக்கும் அவர் மனைவிக்கும் பல விஷயங்களில் ஒத்துப்போகாது. ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் சமம்: இரண்டு பேருமே கடலைப் பார்த்ததில்லை.

பார்க்க வேண்டும் என்று வருஷா வருஷம் பேசிக்கொள்வார்கள். ஆனால் வெயில் காலம் வந்தால் ஊரில் உள்ள ஃப்ரிட்ஜ் எல்லாம் சொல்லிவைத்தாற்போல ஒரே சமயத்தில் படுத்துக்கொள்ளும். மெக்கானிக்கால் அசைய முடியாது. மற்ற மாதங்களில் ஊரில் உள்ள பல்லெல்லாம் வலிக்கும். மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருந்தாள், அவளால் அசைய முடியாது. இப்படியே காலம் ஓடிக்கொண்டிருக்கையில், பல் டாக்டருக்குத் திடீரென்று தன் சுவர்களின் நிறம் பிடிக்காமல் போயிற்று. மழைக்காலம் முடிந்ததும் பெயிண்ட் அடிக்கப்போகிறேன், ஒரு வாரம் மருத்துவமனையை மூடுகிறேன் என்று அறிவித்தார்.

"தீவுக்குப் போலாங்க," என்றாள் மனைவி, அன்று சாப்பிடும்போது.

பஸ் பிடித்துத் துறைமுகத்துக்குப் போய், அங்கிருந்து படகில் போனால் வரும் தீவு அது. ரொம்பச் சின்னது. ஒரு பக்கம் மணல், இன்னொரு பக்கம் கடைத்தெரு. நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் கையசைக்கலாம் என்பார்கள். வரி கிடையாதாம், அதனால் கடைகளில் எல்லாமே மலிவாம்.

மாமனார் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்; மகள் வீட்டோடு இருந்தார். "அங்க ஒரு குடை விக்கிதாம் மாப்ள. ஒரு தடவ அமுக்கினா விரியுமாம், இன்னொரு தடவ அமுக்கினா தானே மடங்கிக்குமாம். நான் ரெடி."

காலையில் கடல், மதியம் தூக்கம், சாயங்காலம் கடைத்தெரு, மறுபடி கடல். சாப்பிட்ட கை காய்வதற்குள் திட்டம் முடிந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் முடிந்ததுதான் தப்பு என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

மறுநாள் கீழ் வீட்டு அம்மாளின் ஃப்ரீசருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தபோது, மெக்கானிக் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. தீவுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டார்.

"அப்படியா! எந்த கோச்சிங்?"

"கோச்சிங்கா?"

"ஐயையோ, கோச்சிங் இல்லாமலா போறீங்க? அதுவும் குடும்பத்தோட?" அந்த அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "என் பையன் பேரலை அகாடமியிலதான் படிக்கிறான். விடுமுறைக்குன்னே தனியா கோச்சிங் கொடுக்கிறாங்க. இது அவனுக்கு மூணாவது வருஷம்."

"தம்பி தீவுக்குப் போயிட்டு வந்தாச்சா?"

"எங்க? போன தடவ மயிரிழையில போச்சு. இப்ப ரிப்பீட் பண்றான். ஆனா வெறி வந்துடுச்சு அவனுக்கு. வேலையக்கூட விட்டுட்டான்."

மெக்கானிக் இதை வீட்டில் வந்து தமாஷாகச் சொன்னார். மனைவி சிரிக்கவில்லை. எதையும் முறையாகச் செய்ய வேண்டும் என்பது அவள் குணம். பால் பாக்கெட்டைக்கூட, வெட்டச் சொல்லிப் புள்ளிக்கோடு போட்டிருக்கும் இடத்தில்தான் வெட்டுவாள்.

"சும்மா போய் விசாரிச்சுட்டு வரலாங்க. கேக்கறதுல என்ன இருக்கு?"

கேட்பதில் நிறைய இருந்தது. பேரலை அகாடமி, ஒரு பழைய ஃபர்னிச்சர் கடையின் மேல் மூன்று மாடிகளை அடைத்துக்கொண்டு நின்றது. வாசலில் 'கரை சேர்ப்பதே எங்கள் கடமை' என்று எழுதியிருந்தது. உள்ளே சுவர் முழுவதும் போட்டோக்கள். எல்லாரும் ஒரே நீலத் திரைக்கு முன்னால் நின்று ஒரே மாதிரிக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இவங்கள்லாம் தீவுக்குப் போயிட்டு வந்தவங்களா?" என்று மெக்கானிக் கேட்டார்.

"இவங்கள்லாம் ரேங்க் எடுத்தவங்க," என்றார் ஆலோசகர். இரண்டும் ஒன்றா என்பது போல இருந்தது அவர் பார்வை. டை கட்டியிருந்தார். மூவரையும் உட்காரவைத்து, இலவச மதிப்பீடு ஒன்று செய்துவிடலாம் என்றார்.

"சார் சொல்லுங்க. கடல் எந்தப் பக்கம் இருக்கும்?"

மெக்கானிக் யோசித்தார். "கரைக்கு அந்தப் பக்கம்."

ஆலோசகர் பேனாவை மூடிவைத்தார். "அலை வரும்போது உங்க முகம் எங்க இருக்கணும்? முதுகு எங்க இருக்கணும்? செருப்ப எப்பக் கழட்டுவீங்க, ஈர மணலுக்கு முன்னாடியா பின்னாடியா?"

"அங்க போய்ப் பாத்துக்கலாம்னு..."

"எல்லாருமே அப்படித்தான் சார் நெனைக்கிறாங்க." அவர் குரலைத் தாழ்த்தி மனைவியின் பக்கம் திரும்பினார். "கோவிச்சுக்காதீங்க மேடம். பேஸ் ரொம்ப வீக்கா இருக்கு. ஆனா இன்னும் காலம் போயிடல."

மனைவியின் முகம் வெளிறிவிட்டது. இத்தனை வருஷம் எந்த அடித்தளமும் இல்லாத ஒருவருடன் குடித்தனம் நடத்தியிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மூவரும் அன்றே சேர்ந்துவிட்டார்கள்.

பாடப் புத்தகங்கள் ஒரு சாக்கு நிறைய வந்தன. அதில் தடியானதற்குப் பெயர் 'கால் நனைத்தல்: ஓர் அறிமுகம்'. அதை நடத்தியவரை மாணவர்கள் கடல் சார் என்றார்கள். ஒல்லியானவர், பாடம் நடத்தும்போது ஜன்னல் வழியாக எங்கோ பார்த்துக்கொண்டே இருப்பார்.

"கால் நனைத்தலில் மூன்று கட்டங்கள். நெருங்குதல், தயங்குதல், நனைதல்," என்று சொல்லிப் பலகையில் எழுதினார். "இந்தப் பருவத்தில தயங்குதல் வரைக்கும் பார்ப்போம்."

மாமனார் கையைத் தூக்கினார். "சார், குளிக்கலாமா?"

வகுப்பு திரும்பிப் பார்த்தது. கடல் சார் சாக்பீஸைக் கீழே வைத்தார். "அது சிலபஸ்ல இல்லீங்க," என்றார் மெதுவாக.

செய்முறை வகுப்புக்கு, மொட்டை மாடியில் மணல் கொட்டி, ஒரு நீல பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் வைத்திருந்தார்கள். உதவியாளர் ஒருவர் தொட்டியைச் சாய்ப்பார், தண்ணீர் மணலில் ஓடி வரும், அதுதான் அலை. மெக்கானிக் முறை வந்ததும் நேரே போய் நின்று காலை நனைத்துக்கொண்டார். ஜில்லென்று நன்றாக இருந்தது. சிரித்துவிட்டார்.

"தயங்கவே இல்ல!" என்று மேற்பார்வையாளர் கத்தினார். "பாதி மார்க் தயக்கத்துக்குத்தான். அதுவும் இல்லாம, சொல்லாமலே சிரிக்கிறார். போடுங்க பூஜ்யம்!"

கடை வகுப்பை ஷாப்பிங் மேடம் எடுத்தார். பேரம் பேசும்போது விலை படியவில்லை என்றால் விறுவிறுவென்று வெளியேற வேண்டும், கடைக்காரர் கூப்பிடுவார், திரும்பாமல் நின்று தோளை மட்டும் அசைக்க வேண்டும் என்பது பாடம். மெக்கானிக் வெளியேறினார். யாரும் கூப்பிடவில்லை. படிக்கட்டு வரை போய் நின்று பார்த்தார். அப்புறம் கீழே இறங்கி டீ குடித்துவிட்டு வந்தார். மாமனாரின் கதை வேறு. மேசை மேல் பாடத்துக்காக வைத்திருந்த கைப்பைக்கு அவர் மேடத்திடம் பேரம் பேச ஆரம்பித்து, மேடத்தின் வீட்டுக் கஷ்டத்தையெல்லாம் விசாரித்து, கடைசியில் பாதி விலைக்கு அதை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மேடம் சொந்தப் பணத்தில் வேறு பை வாங்கி வைக்க வேண்டியதாயிற்று. மாமனாருக்குக் கடைப் பாடத்தில் தேர்ச்சி இல்லை என்று முடிவாயிற்று. காரணம், வழிமுறை எழுதிக் காட்டவில்லை.

எல்லாவற்றிலும் கஷ்டமானது ஓய்வுத் தேர்வு. வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். மணி அடித்ததும் எல்லோரும் சாய்ந்து ஓய்வெடுக்க வேண்டும். மேற்பார்வையாளர்கள் குனிந்து குனிந்து ஒவ்வொருவர் நெற்றியையும் பார்த்துக்கொண்டு போவார்கள்.

"சீக்கிரம் ரிலாக்ஸ் ஆகுங்க! பக்கத்துல இருக்கறவரப் பாத்து ரிலாக்ஸ் ஆகக் கூடாது!"

பயத்தில் மெக்கானிக்குக்கு வியர்த்துக் கொட்டியது. மாமனார் தூங்கிப்போய்க் குறட்டை விட்டார். அது ஓய்வு இல்லை, ஒழுங்கீனம் என்று வெளியே அனுப்பினார்கள். மனைவியோ கண்ணை மூடி, உதட்டில் அளவான புன்னகையுடன், கை விரல்கள் ஒன்றுக்கொன்று சரியான இடைவெளியில் இருக்கச் சாய்ந்திருந்தாள். மற்ற மாணவர்களை அழைத்து வந்து காட்டினார்கள்.

முதல் தரவரிசையில் மனைவி முதலிடம். மெக்கானிக் கடைசி பெஞ்சுப் பிரிவு. மாமனாருக்குப் பெயர் போடும் அளவுக்குக்கூட மதிப்பெண் இல்லை.

அதிலிருந்து வீடு மாறிப்போயிற்று. டிவியின் மேல் துணி போர்த்தப்பட்டது. மனைவி விடிவதற்கு முன் எழுந்து பெட்டி அடுக்கிப் பழகினாள், அடுக்கி முடித்ததும் பிரித்தாள், மறுபடி அடுக்கினாள். சமையலறைச் சுவரில் கண்ணாடிக் கதவுள்ள கடைகளும் கதவில்லாத கடைகளும் வரைந்த வரைபடம் தொங்கியது. மெக்கானிக் பக்கத்தில் போய் உட்கார்ந்தால், "நீங்க சீரியஸாவே இல்லைங்க," என்பாள். முதல் பிரிவு மாணவர்கள் கடைசிப் பிரிவுடன் பேசினால் தரம் குறையும் என்று அகாடமியில் சொல்லியிருந்தார்கள். படுக்கையில் நடுவே ஒரு தலையணை வந்தது. அதன் மேல் ஒரு வினாத்தாள் இருந்தது.

பிறகு ஒருநாள், படிப்பில் பின்தங்கிய மாணவர் என்று மெக்கானிக்கைப் பாதுகாவலருடன் வரச் சொன்னார்கள். பாதுகாவலர் யார் என்று பார்த்தால், அவர் மனைவிதான்.

நிறுவனரின் அறை பெரியது. மேசை மேல் ஒரு சங்கு இருந்தது, பிளாஸ்டிக். அவர் மெக்கானிக்கை நிற்கவைத்துவிட்டு மனைவியிடம் பேசினார்.

"வீட்ல எப்படி இருக்கார்?"

"ஃப்ரிட்ஜ்தான் சார் எப்பவும்," என்றாள் மனைவி, தலையைக் குனிந்துகொண்டு.

"திறமை இல்லாம இல்ல. கவனம் இல்ல. ஜாலியா இருக்கணும்ங்கிற நெனப்பு வந்துடுச்சு அவருக்கு. அந்த நெனப்போட விடுமுறைக்குப் போறது ரொம்ப ஆபத்து." நிறுவனர் பெருமூச்சு விட்டார். "எங்க ஆலோசனை, சார் ஒரு வருஷம் தள்ளிப்போடட்டும். உங்கப்பாவுக்கு ரெண்டு வருஷம். நீங்க மட்டும்..." அவர் முகம் மலர்ந்தது. "உங்கள நாங்க அனுப்பறதா இல்ல."

"சார்?"

"முதல் ரேங்க் எடுத்தவங்க போகக் கூடாதும்மா. போற இடத்துல கால் வழுக்குச்சு, செருப்பு அடிச்சிட்டுப் போச்சு, ஏதோ ஒரு கடையில ஏமாந்துட்டீங்க, அப்போ ரேங்க் என்ன ஆகும்? அகாடமி பேர் என்ன ஆகும்? நீங்க இங்கயே இருங்க. அடுத்த வருஷம் கடல் பாடத்தையே நீங்க எடுக்கலாம்."

"நான் கடலப் பார்த்ததே இல்லையே சார்."

"அதான் உங்க பலம்! பார்த்தவங்களுக்குச் சொந்தமா ஒரு கருத்து வந்துடும். சிலபஸ் கெட்டுப் போயிடும்."

பாராட்டு விழாவுக்கு நாள் குறித்தார்கள். பல் மருத்துவமனை மூடும் வாரம், அவர்கள் படகுக்கு டிக்கெட் எடுத்திருந்த அதே நாள், அதே காலை. அகாடமி வாசலில் மனைவியின் முகம் மாடி உயரத்துக்கு எழும்பியது. பின்னால் நீலத் திரை.

விழாவுக்கு முந்தின சாயங்காலம் மாமனார் தன் பையைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டார். "நான் ஃபெயிலானவன். எனக்கென்ன, நான் போறேன். மாப்ள, நீங்களும் ஃபெயிலுதானே, கிளம்புங்க."

மனைவி மறுநாள் கட்டவேண்டிய புடவையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "நீங்களும் அப்பாவும் போயிட்டு வாங்க," என்றாள், நிமிராமல். "பாக்கறதப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்க. பாடத்துக்கு உதவும்."

மெக்கானிக்குக்குப் பேசத் தெரியாது. இயந்திரம் ஓடாவிட்டால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார். மனைவியிடம் அதுவும் முடியாது. இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீ இல்லாம கடலப் பாத்து நான் என்ன பண்றது? அதோ பாருன்னு யார்கிட்டச் சொல்றது?"

புடவையில் ஒரே இடத்தில் இஸ்திரிப் பெட்டி அதிக நேரம் நின்றுவிட்டது. லேசாகக் கருகல் வாசனை வந்தது.

மறுநாள் விழா மண்டபத்தில் மெக்கானிக்கும் மாமனாரும் பைகளோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். மேடையில் மனைவி, பக்கத்தில் ஒரு கேடயம், மைக்கில் நிறுவனர்.

"நண்பர்களே! நம்ம அகாடமியில இதுவரைக்கும் ஆயிரக்கணக்கான பேர் படிச்சிருக்காங்க. ஒருத்தராவது கடல்ல மூழ்கினாங்கன்னு கேள்விப்பட்டீங்களா? ஒருத்தராவது தீவுக் கடையில ஏமாந்தாங்களா? ஒருத்தருக்காவது வெயில்ல தோல் உரிஞ்சுதா? கிடையாது! ஏன்னா நாங்க யாரையும் அரைகுறையா அனுப்பறதில்ல. முழுசாத் தயாராகாத ஒருத்தரையும் அனுப்பினதில்ல. இன்னி தேதி வரைக்கும், பெருமையாச் சொல்றேன், ஒருத்தரையும் அனுப்பினதில்ல!"

கூரை அதிரக் கைதட்டினார்கள். கீழ் வீட்டு அம்மாளின் பையன் விசிலடித்தான்.

"சில அகாடமிக்காரங்க, எங்ககிட்ட படிச்சவங்க போயிட்டு வந்துட்டாங்கன்னு விளம்பரம் பண்றாங்க. நான் கேக்கறேன், போயிட்டு வந்துட்டா அப்புறம் அவங்க ஏன் படிக்க வரப்போறாங்க? கல்வின்னா அது முடியவே கூடாது!"

அப்புறம் மனைவியைப் பேச அழைத்தார்கள். அவள் மைக்கைப் பிடித்தாள். ஏற்புரையை ஒரு வாரமாக மனப்பாடம் செய்திருந்தாள்; தூக்கத்தில்கூடச் சொல்லி மெக்கானிக்கே கேட்டிருக்கிறார். தங்குதடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தவள், "அலையோட ஓசை இனிமையானது, மனசுக்கு அமைதி தரக்கூடியது," என்ற இடத்தில் நின்றாள். மறந்துவிட்டாள் என்று நினைத்துக் கடல் சார் முதல் வரிசையிலிருந்து அடுத்த வரியை வாயசைத்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. நிறுவனரைப் பார்த்தாள்.

"சார், நிஜமாவே அப்படித்தான் இருக்குமா?"

"சிலபஸ்படி அப்படித்தான்மா," என்றார் நிறுவனர் சிரித்துக்கொண்டே.

"நீங்க கேட்டிருக்கீங்களா?"

"நானா? நான் சிலபஸ் கமிட்டித் தலைவர்மா. எனக்கு எதுக்கு அதெல்லாம்?"

இதற்கும் கைதட்டினார்கள். அந்தச் சத்தத்தை எல்லாம் கிழித்துக்கொண்டு கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. முப்பது வருஷம் நெரிசல் பஸ்ஸில் பழகிய குரல்.

"பாப்பா! வண்டி கிளம்பப் போகுது! வர்றவங்க மட்டும் ஏறு! ரைட், ரைட்!"

மனைவி மைக்கை வைத்தாள். கேடயத்தை நிறுவனரின் மடியில் வைத்தாள். புடவைத் தலைப்பில் கருகியிருந்த இடத்தை இடுப்பில் செருகிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி, நடுவழியில் நடந்து வந்தாள். மெக்கானிக் எழுந்து நிற்பதற்குள் அவர் கையிலிருந்த பெரிய பையை வாங்கிக்கொண்டாள்.

"என் துணி எடுத்து வெச்சீங்களா?" என்றாள்.

"எடுத்து வெச்சேன். முறையா மடிக்கல."

"பரவாயில்ல, நடங்க."

பஸ் பிடித்துத் துறைமுகம் போய்ச் சேர்ந்து, படகுக்காரர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது மூவரும் மூச்சு வாங்க ஏறினார்கள்.

தீவில் எல்லாமே தப்பாக நடந்தது. மூவரும் ஓடிப்போய் நின்ற இடத்தில் அலை முன்னறிவிப்பில்லாமல் வந்து மனைவியை முழங்காலில் அடித்து உட்காரவைத்தது. நெருங்குதலுக்கும் தயங்குதலுக்கும் அது அவகாசமே கொடுக்கவில்லை. மாமனாரின் ஒரு செருப்பு கடலோடு போனது. அலையின் ஓசை இனிமையாக இல்லை. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி இருந்தது. மனைவி வாயெல்லாம் உப்பும் மணலுமாக உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்துப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார்.

கடைத்தெருவில் அவள் பாடத்தில் உள்ளபடி ஒரு கடையிலிருந்து விறுவிறுவென்று வெளியேறினாள். கடைக்காரர் கூப்பிடவில்லை, ஆள் போய்விட்டதே என்று கதவைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். மாமனார் குடை வாங்கினார். அமுக்கினால் விரிந்தது. மறுபடி அமுக்கியும் மடங்கவில்லை. விரித்த குடையோடேயே அறைக்கு நடந்தார். கதவுக்குள் நுழையாததால் குடை வராந்தாவில் தூங்கியது.

இரண்டு நாள் கழித்து மதிய வெயிலில் மூவரும் தண்ணீரில் நின்றபோது, சற்றுத் தள்ளி ஒருவர் தொப்பியை மூக்கு வரை இறக்கிவிட்டுக்கொண்டு கழுத்தளவு ஆழத்தில் மிதந்துகொண்டிருந்தார். அலை வரும்போதெல்லாம் "ஆஹா!" என்றார். பெரிய அலை ஒன்று தொப்பியைக் கழற்றியது. பார்த்தால், கடல் சார்.

அவர் இவர்களைப் பார்த்ததும் தண்ணீருக்குள் போய்விட்டார். மூச்சு எவ்வளவு நேரம் தாங்கும்? வெளியே வந்து கும்பிட்டார். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. வருஷா வருஷம் திருட்டுத்தனமா வந்துடுவேன். எனக்கு நீச்சல் தெரியும்னு வெளிய தெரிஞ்சா வேலை போயிடும்."

"நாங்க ஏன் சார் சொல்றோம்," என்றார் மெக்கானிக். "நாங்க வந்தப்புறம் அங்க ரொம்பக் கோவமா?"

"கோவமா? நீங்க எறங்கிப் போனதும் விழாவில அதுவும் ஒரு பகுதின்னு நெனச்சு எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டினாங்க. நிறுவனர் அங்கயே அறிவிச்சுட்டார். புது கோர்ஸ். 'மேடையிலிருந்து நேராகப் படகுக்கு'. மண்டபம் காலியாகறதுக்குள்ள எடம் எல்லாம் நிரம்பிடுச்சு."

மனைவி கண்ணை விரித்தாள். "அப்ப அவங்கள்லாம் எப்ப சார் இங்க வருவாங்க?"

"எங்கம்மா வர்றது? கிளாஸ் நல்லாப் போகும்," என்று சொல்லிவிட்டு, அடுத்த அலை வருவதைப் பார்த்ததும் பேச்சை விட்டுவிட்டு அதை நோக்கி நீந்திப் போனார்.

கடைசி நாள் சாயங்காலம் மாமனார் அந்தக் குடையைக் கொடுத்துவிட்டு வேறு வாங்கப் போயிருந்தார். மெக்கானிக்கும் மனைவியும் ஈர மணலில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் மூக்கில் தோல் உரிந்திருந்தது. காலுக்கடியிலிருந்து அலை மணலை அரித்துக்கொண்டே போயிற்று.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் மெக்கானிக்.

அவள் முதுகை நிமிர்த்தினாள். முதலாவதாக, இரண்டாவதாக என்று சொல்லத்தான் விரலை மடக்கினாள். விரல் மடங்கியபடியே நின்றது. கடலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"தெரியலைங்க," என்றாள். "இருங்க, இன்னொரு தடவ போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். இருட்டும் வரை அவள் வந்து சொல்லவில்லை. பதிலைக் கேட்க வேண்டியவர் தான்தானே என்று, மெக்கானிக்கும் செருப்பை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து அவளிடம் போனார்.